பன்றி விளைந்த தோட்டம்

நாவக்கொம்பையில் அந்தக் கார்போகத்தில் பிரகாசியின் தோட்டத்து உருளைக்கிழங்குக்குள் பன்றி விளைந்திருந்தது. காலைக் குழம்புக்கென்று தோண்டி வந்த முதல் கிழங்கை அவள் அரிவாள்மனையில் வைத்து அறுத்தபோது, தோலுக்கு அடியில் விரல் பருமனுக்கு வெள்ளைக் கிழங்கும், அதற்குள்ளே வரிவரியாக ரோஜா நிற இறைச்சியும், இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தது போலக் கொழுப்பும் தெரிந்தன. உப்பு ஏறி, புகை ஏறி, அடுப்புக்கு மேல் மாதக்கணக்கில் கட்டித் தொங்கவிட்ட தொடையைப் போலப் பதமாக இருந்தது இறைச்சி. பிரகாசி அரிவாள்மனையைக் கழுவிவிட்டு இன்னொரு கிழங்கை அறுத்தாள். அதிலும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அப்புறம் கரைத்து வைத்திருந்த புளியை எடுத்து ஓரமாக நகர்த்தினாள், ஏனென்றால் இதற்குப் புளி சேராது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எப்படி இது நடந்தது என்று கேட்டு வந்தவர்களுக்கு ஊர் ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருந்தது. வருடக்கணக்காக இந்த மலைச்சரிவின் கிழங்கெல்லாம் காட்டுப்பன்றிக்குள் போனதே, கம்பிவேலியைத் தாண்டிப் போனதே, பட்டாசுச் சத்தத்தைத் தாண்டிப் போனதே, ராக்காவல் இருந்தவன் கண்ணெதிரே பாத்தி பாத்தியாகப் போனதே, அப்போது எப்படி என்று யாராவது வந்து கேட்டீர்களா? உள்ளே போனது வெளியே வர ஒரு காலம் இருக்காதா? அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் காரணம் தேடியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அது கிடைக்கவில்லை, கிடைக்காததால் யாருக்கும் ஒரு குறைவும் வரவில்லை.

பிரகாசிக்கு வேண்டியிருந்தது காரணமல்ல, தோட்டம். சிலோனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது; புருஷன் மார்ச்சளியில் போன பிறகு, ஊர்ப் பெரிய வீட்டுப் போஜன் கவுடரிடம் அந்தச் சரிவை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து, கிழங்கு போட்டு, பன்றிக்குப் பாதியும் தனக்குப் பாதியுமாகப் பிழைத்து, மகள் ரெஜினாவைக் கோயம்புத்தூரில் சட்டம் படிக்க அனுப்பியிருந்தாள். இப்போது அந்தச் சரிவின் மேல் ஒரு ரிசார்ட்காரனுக்குக் கண் விழுந்திருந்தது. அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்பதை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். குனிந்தே கிடந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. போஜன் கெட்டவர் இல்லை. விதைக்கும் முன்பே வந்து வரப்பில் நின்று பேசிவிட்டுத்தான் போனார்.

“இந்தப் போகம் மட்டும் லோடு மண்டிக்குப் போய்ச் சேந்துட்டா நிலம் உன்கிட்டயே கிடக்கட்டும் பிரகாசிம்மா. மாதா பொறந்தநாளுக்கு அந்த ஆளு வர்றான். அதுக்குள்ள நீ ஒரு லாரி ஏத்திட்டா நான் என் பசங்க வாயை அடைச்சிருவேன். இந்தத் தடவையும் பன்றிக்குப் போச்சுன்னா என்னால ஆகாது.”

பன்றிக்குப் போகவில்லை. பன்றி வந்திருந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதைத்தான் அப்புறம் அந்தப் போகம் முழுவதும் ஊரும் அரசாங்கமும் பேசித் தீர்த்தன.

அன்று சாயங்காலம் அவள் செய்தது இதுதான். இளவயதில் பங்களாவொன்றில் பாத்திரம் தேய்த்தபோது அங்கே குளிர்கால ராச்சாப்பாட்டுக்குக் கிழங்கையும் ஹாம் என்று அவர்கள் சொல்லும் உப்புப் பன்றியையும் மாற்றி மாற்றி அடுக்கி, பாலூற்றி, வேகவைப்பதைப் பார்த்திருந்தாள். அதைவிடச் சுலபமான பண்டம் உலகத்தில் கிடையாது. இப்போது அடுக்கும் வேலைகூட இல்லை, மண்ணே அடுக்கிக் கொடுத்திருந்தது. கிழங்கை வட்ட வட்டமாக மெல்லிசாக அரிந்து, வெண்ணெய் தடவிய தட்டில் செதில் செதிலாகச் சாய்த்து, வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் வறுத்துப் பாலில் கரைத்து மேலே ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு, டவுனில் வாங்கிய சீஸ் கட்டியைத் துருவித் தூவி, மேலும் கீழும் தணல் போடும் தகரப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். உப்பு போடவில்லை. உப்பு உள்ளேயே இருந்தது. மூடியைத் திறந்தபோது மேல்பக்கம் பொன்னாகக் கருகி, ஓரங்களில் பால் கொப்புளம் விட்டு, வாசம் வாசலைத் தாண்டி, சர்ச்சைத் தாண்டி, டீக்கடை ஹமீது பாயின் பாய்லர் வரைக்கும் போனது. அந்த வழியாக வந்த போஜன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தட்டோடு வந்தார்கள். ஒருத்தி தின்று முடித்து, விரலைச் சூப்பிவிட்டு, போன வருசம் என் தோட்டத்தையும் இதே பன்றிதானே மேய்ந்தது, எனக்கு மட்டும் ஏன் சொட்டைக் கிழங்கு விளைந்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பொறாமை இருந்ததே தவிர ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியப்பட ஊருக்கு நேரமும் இல்லை, ஏனென்றால் உடனே தீர்க்க வேண்டிய விவகாரங்கள் வரிசையாக வந்து நின்றன. கிழங்கு மூட்டைகளை எங்கே வைத்தாலும் நாய்கள் வந்து சுற்றிப் படுத்துக்கொண்டன. கறி தொடாத வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தன்று இதைச் சாப்பிடலாமா என்று கேட்கப்பட்டபோது பங்குத்தந்தை, தோண்டி எடுத்ததா அறுத்து எடுத்ததா என்று திருப்பிக் கேட்டு, தோண்டி எடுத்ததுதான் என்றதும் யோசித்து, மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி, பதில் வரும்வரை தானும் சாப்பிட்டு மற்றவர்களையும் தடுக்காமல் இருந்தார். ஹமீது பாய் கோபமில்லாமல், குரலை உயர்த்தாமல், பிரகாசி தோட்டத்துக் கிழங்கு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். உன் மேல ஒண்ணும் இல்லம்மா, எனக்கு மேல ஒருத்தன் இருக்கான் என்று வானத்தைக் காட்டினார். அன்றிலிருந்து கடையில் போண்டா போய் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. மலைமேல் கோயில் வீட்டுக் கல்யாணத்தில்தான் பெரிய சங்கடம். சுத்த சைவப் பந்தி. சமையல்காரர் யாரோ கொடுத்த மூட்டையைப் பிரித்துக் கிழங்கு வறுவல் செய்துவிட்டார். இலை போட்டு உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் வேறெதையும் தொடாமல் வறுவலையே கேட்டுக் கேட்டு வாங்கித் தின்று, இது யார் கைப்பக்குவம் என்று விசாரித்துச் சமையல்காரரின் தோளில் துண்டு போட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகு, அன்று வறுவல் சாப்பிட்டவர் என்று ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. எல்லாருக்கும் அன்று வாயுத்தொல்லை, எல்லாரும் கிழங்கை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அண்டா மட்டும் காலியாக இருந்தது, அண்டாவை யாரும் விசாரிக்கவில்லை.

பிரகாசி லோடு ஏற்றத்தான் பார்த்தாள். கீழே மண்டியில் தரகர் ஒரு கிழங்கை அறுத்து, முகர்ந்து, மறுபடி ஒட்டவைக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தார். இதை ஒரு மூட்டை கலந்தாலும் மண்டியே நாறிப்போகும், நாளைக்குச் சைவ ஓட்டல்காரன் எல்லாம் என் சட்டையைப் பிடிப்பான், இது கறிக்கடைச் சமாச்சாரம் என்றார். கறிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கிழங்கை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். எலும்பு எங்கே, ஈரல் எங்கே, இதை நான் எந்தக் கொக்கியில மாட்டுவேன், இது காய்கறி என்றார். பயிர்ச்சேத நிவாரணம் கேட்டுப் போன அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: பன்றி பயிரைத் தின்றிருந்தால் நிவாரணம் உண்டு, பயிர் பன்றியைத் தின்றிருந்தால் அதற்கு விதி கிடையாது. அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அதுதான் பிரகாசிக்குப் பயமாக இருந்தது.

போன் பேசிய மறுநாளே ரெஜினா மலையேறி வந்தாள். பஸ்ஸில் வரும்போதே யாருடனோ சண்டை பிடித்துவிட்டு வந்தவள் போல முகம் சிவந்திருந்தது. ஊரில் அவளிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது, ஜெயித்துவிட்டு அவளும் எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. தராசுக்காரனிடம், நடத்துநரிடம், பங்குத்தந்தையிடம் ஒவ்வொரு தடவையும் நியாயம் அவள் பக்கமே நின்றது, நின்றுகொண்டே இருந்தது, நகர்ந்து யாரையும் தொட்டதில்லை. கிழங்கை அறுத்துப் பார்த்ததும் அவளும் எப்படி என்று கேட்கவில்லை. “இதுல உனக்கு என்னம்மா தப்பு இருக்கு? சொல்லு. ஒரே ஒரு தப்பைச் சொல்லச் சொல்லு அவனுங்கள” என்றாள், அந்த அவனுங்கள் எல்லாம் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பது போல.

தப்பு அடுத்த நாள் ஜீப்பில் வந்து இறங்கியது. காட்டுப்பன்றி வனவிலங்கு, அதன் இறைச்சியை வைத்திருப்பது குற்றம், தோட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால் தோட்டம் முழுவதும் வனச்சரகத்தின் பார்வையில் இருக்கும், முடிவு தெரியும்வரை ஒரு கிழங்கு ஊரைவிட்டு இறங்கக் கூடாது. சரகர் துரைக்கண்ணு தொப்பையும் மெல்லிய குரலும் உள்ளவர், யாரையும் நோகடிக்கப் பிடிக்காதவர், அதனாலேயே எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னார். ரெஜினா அவர் முன்னால் போய் நின்றாள்.

“கிழங்குக்குள்ள பன்றி இருந்தா குத்தம். சரி சார். பன்றிக்குள்ள எங்க கிழங்கு இருந்துச்சே இத்தன வருசமா, அது திருட்டா இல்லையா? அந்தக் கேஸை எங்க குடுக்கிறது?”

“விலங்கு மேல கேஸ் போட சட்டத்துல இடமில்லம்மா.”

“அப்ப செடி மேல போட இடமிருக்கா?”

சரகர் இன்னும் கொஞ்சம் தரையைப் பார்த்துவிட்டு, நீ சொல்றது நியாயம்தாம்மா என்று ஒப்புக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மழை நின்றபாடில்லை. முற்றிய கிழங்கு மண்ணுக்குள் எத்தனை நாள் பொறுக்கும்? கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போதே பிரகாசிக்குத் தெரிந்தது, பாத்திகள் புளிக்க ஆரம்பித்திருந்தன, விடியற்காலையில் சரிவிலிருந்து உப்பு வாசத்தோடு இன்னொரு வாசமும் எழுந்தது. ரெஜினா எழுதினாள், போன் செய்தாள், ஜன்னல் ஜன்னலாக நின்று கத்தினாள், கடைசியில் ஒரு குழு வரப்போகிறது என்ற சேதியோடு வந்தாள். சரகரும், கால்நடை மருத்துவர் இளம்பரிதியும், வேளாண்மை அலுவலர் வாசுகியும் நேரில் வந்து பார்த்து, இது பயிரா பிராணியா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பயிர் என்று எழுதினால் லாரி இறங்கும். லாரி இறங்கினால் நிலம் தங்கும். மாதா பிறந்தநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் நவநாள் ஜெபம் பாதியைத் தாண்டியிருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வழியில் மண் சரிந்து, ஜீப் பாதியில் நின்று, மத்தியானச் சாப்பாடு இல்லாமல், நனைந்த சப்பாத்துக் காலோடு மூவரும் வாசலில் நின்றார்கள். பனி அவர்களுக்குப் பின்னால் கதவைப் போல மூடியிருந்தது. தோட்டம் எங்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினால் கையே தெரியவில்லை. உள்ளே தகரப்பெட்டியில் தட்டு வெந்துகொண்டிருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பிரகாசி நல்ல கிழங்காகப் பொறுக்கி மத்தியானமே அரிந்து வைத்திருந்தாள்.

ரெஜினா அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தாள். “முதல்ல எழுதட்டும். அறுக்காத கிழங்கைக் குடு, அறுத்துப் பாக்கட்டும், எழுதட்டும், கையெழுத்துப் போடட்டும். அப்புறம் நீ பந்தி வை.”

“பசியோட வந்திருக்காங்கடி.”

“வந்தது சாப்பிடவா?”

“குளிர்ல நனைஞ்சு வாசல்ல வந்து நிக்கிறவங்ககிட்ட வெறும் வயித்தோட காயிதத்த நீட்டறதா? இந்த மலையில யாரு வீட்டுல அப்படி நடந்திருக்கு? சோறு போட்டுட்டுத்தான் பேச்சு. உங்கப்பன் செத்த சேதி சொல்ல வந்தவனுக்கே நான் மொதல்ல காப்பித்தண்ணி வச்சுக் குடுத்தேன்.”

அது உண்மை. அந்த மலையில் வாரண்டோடு வருகிறவனுக்கும் முதலில் தட்டுதான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததல்ல, குளிர் சொல்லிக்கொடுத்தது. சட்டம் படித்தவள் அன்று சொன்னது சரி, சோறு போட்டவள் செய்தது வழக்கம். வழக்கம் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனது.

மேல்பக்கம் பொன்னாகி, பால் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் வெட்டியபோது அடுக்கடுக்காக வெள்ளையும் ரோஜாவும் ஆவி விட்டன. மருத்துவர் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார். சரகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதை மறுபடி போட மறந்து, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாசுகி மேடம் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர். எனக்குக் கிழங்கு மட்டும் என்றார். ஓரத்து வெள்ளையைச் சுரண்டித் தின்றார். அப்புறம் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தை. அப்புறம் தட்டை நீட்டினார். பிரகாசி பரிமாறினாள். சந்தோஷமாகப் பரிமாறினாள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இத்தனை ருசித்தவர்கள் கெடுதல் எழுத மாட்டார்கள் என்று நம்பினாள், நாக்குக்கும் கைக்கும் நடுவே ஒரு மனுசன் உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரியாமல். தட்டின் மூலையில் ஒட்டிய கருகலைக்கூட மேடம் ரொட்டித்துண்டால் வழித்துச் சாப்பிட்டுவிட்டார். பிறகு மூவரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

சரகர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். “பன்றின்னு எழுதினா, இப்ப நாம என்ன சாப்பிட்டோம்னு வரும்.”

“கிழங்குன்னு எழுதிருங்க” என்றார் மருத்துவர். “என் கையைவிட்டுப் போயிரும்.”

“உங்க கையைவிட்டு என் கைக்குத்தானே வரும்” என்றார் வாசுகி மேடம். “கிழங்குன்னு நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஏதாவது கல்யாணப் பந்தியில இதைப் போட்டு, அவங்க கோர்ட்டுக்குப் போனா? அதுவும் விடுங்க, வீட்ல என் மாமியார் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

“அப்ப ரெண்டும் இல்லைன்னு எழுதணும்” என்றார் சரகர்.

“ரெண்டும் இல்லைன்னா ஒண்ணும் இல்ல” என்றார் மருத்துவர்.

ஒண்ணும் இல்லை என்ற சொல் அந்த அறைக்குள் விழுந்ததும் மூன்று முகங்களிலும் ஒரு நிம்மதி பரவியது, காய்ச்சல் இறங்கியவர்களைப் போல. நிலத்தில் ஒன்றும் இல்லை. பயிர் இல்லை, அதனால் பயிருக்குள் எதுவும் இல்லை, அதனால் யாரும் எதையும் சாப்பிடவில்லை. தரிசு. சரகர் பிரகாசியிடம் திரும்பி, இது உங்க நல்லதுக்குத்தாம்மா, உங்க மேல கேஸே இல்லாமப் போயிருச்சு பாருங்க என்று மனசாரச் சொன்னார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது.

ரெஜினா எழுந்து நின்றாள். “இப்ப சாப்பிட்டீங்களே சார், இந்தத் தட்டுல.”

மூவரும் தட்டைப் பார்த்தார்கள். தட்டு கழுவி வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

“தோட்டம் வெளிய இருக்கு. வாங்க, காட்டறேன்.”

மருத்துவர் ஜன்னல் திரையை விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும் இருந்தது. ஒண்ணும் தெரியலையேம்மா என்றார் அவர், பொய் இல்லாமல். அதையும் எழுதிக்கொண்டார்கள்: நேரில் சென்று பார்த்தோம், எதுவும் தென்படவில்லை. ரெஜினா பேசினாள். இல்லாத பயிருக்கு எதற்குக் கயிறு கட்டினீர்கள் என்று கேட்டாள், இல்லாததைப் பார்க்க எதற்கு மூன்று பேர் மலையேறினீர்கள் என்று கேட்டாள், ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். மூன்று கையெழுத்து விழுந்தது. போகும்போது வாசுகி மேடம் பிரகாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க கையில அன்னபூரணி இருக்காங்க என்றார்.

அப்புறம் ஊர். ஊர் முதலில் சிரித்தது, பிறகு யோசித்தது, பிறகு மெல்ல மெல்ல அந்தக் காகிதத்துக்குள் குடியேறியது. தோட்டம் தரிசு என்றால் கல்யாண வீட்டில் யாரும் எதையும் தின்றிருக்கவில்லை. மலைமேல் கோயில் வீட்டார் முதல் ஆளாக அந்தக் காகிதத்தை ஒப்புக்கொண்டார்கள். தரிசு என்றால் மேலிடத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குத்தந்தை ஞாயிறு பிரசங்கத்தில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஹமீது பாய் கடையில் போண்டா திரும்பி வந்தது. விரலைச் சூப்பிய பக்கத்து வீட்டுக்காரி, நீ அன்னிக்குக் கொடுத்தது டவுன்ல வாங்கின கறிதானே பிரகாசி, நல்லா விளையாட்டுக் காட்டினே போ என்று சிரித்தாள். பிரகாசி அவள் கண்ணைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. ஊர் ஒரு ஆளைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் பஞ்சாயத்துக் கூட்ட வேண்டும் என்கிறார்களே, அதெல்லாம் பழைய காலத்து வேலைமெனக்கெட்ட முறை. எல்லாருமாகச் சேர்ந்து ஒன்றை மறந்தால் போதும், மறக்காதவள் தானாகத் தள்ளி நிற்பாள்.

ரெஜினா ஒரு மூட்டை கிழங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜில்லாத் தலைநகரத்து மனுநாளுக்குப் போனாள். அங்கே வரிசையில் நின்று, முறை வந்ததும் மேஜைமேல் ஒரு கிழங்கை அறுத்து வைத்தாள். அறுத்ததில் இருந்ததை அந்த அதிகாரி பார்த்தார், மறுக்கவில்லை. ஆனால் இது அந்தத் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க முடியாது, அந்தத் தோட்டம் தரிசு என்று அறிக்கை இருக்கிறது, அப்படியென்றால் இந்த இறைச்சி உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற காவலர் அவள் பெயரைக் கேட்டார், படிக்கும் கல்லூரியின் பெயரைக் கேட்டார். கல்லூரிக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதை அன்பாக விளக்கினார். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் அவள் திரும்பி வந்தபோது கையில் மூட்டை இல்லை. எங்கே என்று பிரகாசி கேட்டாள். “வச்சிட்டு வந்துட்டேன்” என்றாள் ரெஜினா. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தட்டில் போட்டு வைத்த சோறு ஆறிக் கட்டியாகியது.

போஜன் மாதா பிறந்தநாளன்று வந்தார், வீட்டுக்குள் வரவில்லை. “தரிசாக் கிடந்த நிலத்த எதைச் சொல்லி நான் நிறுத்தி வைப்பேன்? நீயே சொல்லு” என்றார்.

“நீங்களும் சாப்பிட்டீங்க கவுடரே. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க.”

அவர் ஞாபகத்தைத் தேடுகிறவர் போலத்தான் நின்றார், அதில் குறை சொல்ல முடியாது. “இருக்கும்” என்றார் கடைசியில். “வயசாகுது பிரகாசிம்மா. எனக்கு நெனப்பில்ல.” சர்ச் மணி அடித்தது. தேர் புறப்படும் நேரம் என்று சொல்லி அவர் இறங்கிப் போனார்.

மழை வெறித்ததும் மண் அள்ளும் இயந்திரம் மேலேறி வந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற மாதிரி நல்ல வெயில் அன்றைக்கு. இத்தனை வருடத்தில் பிரகாசி நிமிர்ந்து நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தது அன்றுதான். ஓட்ட வந்தவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், நடுவயது, தலையில் துண்டு. முதல் வாளி மண்ணை அள்ளிக் கவிழ்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். குனிந்து பார்த்தார். உடைந்த கிழங்குகளிலிருந்து ரோஜா நிறத்தில் ஏதோ கசிந்து மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. அழுகலும் உப்புமாக வாடை எழுந்தது. கீழே லயன் வீட்டு நாய்களெல்லாம் ஒரே சமயத்தில் குரைக்க ஆரம்பித்தன. அவர் வரப்பில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார்.

“அக்கா, இங்க வாங்க. உள்ள என்னமோ கிடக்கு. உசுரு மாதிரி இருக்கு. இத்தன நாள் இங்க என்ன போட்டிருந்தாங்க?”

பிரகாசி பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். ரெஜினா கண்ணெடுக்காமல் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன, ஒரு சொல் வரப்போவது போல. பிரகாசிக்கு, மகள் பிறகு சொன்ன அந்த மேஜையும், காவலரும், கல்லூரியின் பெயரும் ஞாபகம் வந்தன. முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் போடலண்ணே” என்றாள். “தரிசுதான். நீங்க ஓட்டுங்க.”

அவர் நம்பவில்லை. ஆனால் அவருக்கும் மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்தது. ஏறி உட்கார்ந்தார். ரெஜினா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிரிந்த உதடுகளை மூடிக்கொண்டாள். வாளி மறுபடியும் மண்ணுக்குள் இறங்கியது.